பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் கால்கள்

படம் எடுத்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

மேடம். கடை அவருடையது. ஒல்லியான ஆள். அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர், யாழ்ப்பாணத்து வழி. வீட்டில் ஆங்கிலம், எங்களிடம் தமிழ்.

போட்டோக்காரர். சீனர், வயதானவர். கல்யாணப் படம் எடுத்துப் பழகியவர். அன்று என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

முன்மேசைப் பெண். போன் எடுப்பாள், தேநீர் கலக்குவாள். அன்று விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்.

வேறு யாரும் இல்லை. பிறகு பினாங்கே பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பினாங்கு ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் சிலிம்மிங் சென்டர். பெண்கள் மட்டும் வருவார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை என்று வாசலிலேயே எழுதியிருக்கும். தொடையிலும் பின்பக்கத்திலும் தோல் குழிகுழியாக இருக்குமே, அதைப் போக்குவது அங்கே முக்கிய வேலை. மேடம் அதற்கு செல்லுலைட் என்று பெயர் சொல்வார். வருகிற பெண்களுக்கு அந்தப் பெயர் வாயில் வராது. ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி இருப்பதால் லீமாவ் தோல் என்பார்கள்.

நான் அதற்கு முன் புக்கிட் தெங்காவில் பேக்டரியில் இருந்தேன். நின்றே வேலை. கால் வீங்கிவிடும். சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டிலிருந்து விடியுமுன் பேக்டரி பஸ் ஏற வேண்டும். இங்கே ஒன்பது மணிக்கு வந்தால் போதும், விசிறி ஓடும். படிப்பு கேட்கவில்லை. தமிழ்ப் பள்ளி ஆறாவதோடு நின்றவள் நான். கை பலம்தான் கேட்டார்கள். அது இருந்தது.

வேலை இதுதான். மர உருளையால் தொடையைக் கீழிருந்து மேலே உருட்டித் தேய்ப்பது. கடல்பாசிக் களிம்பு பூசி, சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, மேலே சூட்டுப் போர்வை போடுவது. சின்னச் சின்ன ரப்பர் பட்டைகளை ஒட்டிக் கரண்டு விடுவது. கரண்டு விட்டால் சதை தானாகத் துள்ளும். சிலர் சிரிப்பார்கள். சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். இடுப்பில் வாரைப் போட்டு உலுக்குகிற மிஷினும் ஒன்று இருந்தது. அதில் ஏறினால் பேச்சே உதறும்.

என்னைப் படத்துக்குக் கூப்பிட்டது தழும்புக்காக. சின்ன வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்து வலது முழங்காலுக்குப் பின்னால் சுட்டுவிட்டது. பிறை மாதிரி வெள்ளையாக நிற்கும். அது என் கண்ணுக்கே தெரியாத இடம். துணி மாற்றும்போது மேடம் பார்த்திருக்கிறார்.

"கடைக்குள்ள வெச்சுக்கத்தான். ட்ரெயினிங்குக்கு. ரெண்டு படம், அவ்வளவுதான்" என்றார்.

கட்டைக் கால்சட்டை கொடுத்தார். முதல் படத்துக்கு என்னை ஒரு நாற்காலி விளிம்பில் அரைகுறையாக உட்கார வைத்தார்கள். விளிம்பு அழுத்திச் சதை பிதுங்கியது. தோல் சிவக்கும்வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். விளக்கைத் தலைக்கு மேலே, பக்கவாட்டில் பிடித்தாள் அந்தப் பெண். அப்படிப் பிடித்தால் ஒவ்வொரு குழியிலும் நிழல் விழும்.

பிறகு களிம்பு, பிளாஸ்டிக், உருளை. பிறகு பவுடர். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொன்னார்கள். விளக்கு நேராகப் பின்னால் வந்தது. நிழல் போய்விட்டது.

பவுடர் பூசிய பஞ்சைத் தழும்பின் மேல் கொண்டுபோனாள் முன்மேசைப் பெண். மேடம் தடுத்தார்.

"அது இருக்கட்டும்லா. அப்பத்தான் ஒரே ஆளுன்னு நம்புவாங்க."

அப்போது எனக்குப் புரியவில்லை. கை கழுவிக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கினேன். எங்கள் மாடிக்கு நேர் எதிரேதான் பஸ் ஸ்டாப். நிமிர்ந்தேன்.

கடை முன் அஞ்சடி நடைபாதைக்கு மேலே ஒரு பலகை. என் உயரத்துக்குப் பெரியது. இடது பக்கம் என் கால்கள், வலது பக்கம் என் கால்கள். இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை. நடுவில் ஒரு அம்புக்குறி. மேலே டியூப் லைட் வேறு. மழைக்கும் மங்காது.

நான் தினமும் அந்த பஸ் ஸ்டாப்பில்தான் மாலையில் நிற்க வேண்டும். பஸ் சீக்கிரம் வராது. ஆண்கள் நிற்பார்கள். எதிரே பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

"டேய், இடது பக்கம் பாருடா. பன்னி கெட்டுது."

"வலது பக்கம் பாரு மச்சான். அது பொம்பள."

"இதுவா அதுவா, எதுடா வேணும் ஒனக்கு?"

"ரெண்டும் ஒரே ஆளுதான்லா, போட்டிருக்கான் பாரு. பகல்ல இது, ராத்திரிக்கு அது!"

சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பன்னி என்றதும் நான்தான். பொம்பளை என்றதும் நான்தான். கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதன் பிடியை அன்று நெளித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு அங்கே நின்றார். நாங்கள் இருவரும் வருடக்கணக்காக ஒரே குழாயில் துணி துவைத்தவர்கள். சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தியிருப்போம். அக்கா பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பலகை.

"ஏண்டி, அந்தப் பெறை..."

"ஆமா."

"காசு குடுத்தாங்களா?"

"இல்ல."

"சும்மாவா காட்டுன? ஐயோ, காசு வாங்கிட்டுக் காட்டியிருந்தாக்கூட ஒரு ஞாயம் இருக்குடி."

அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் வாய் நிற்காது. ஒரு வாரத்தில் எங்கள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. துணி துவைக்கப் போனால் பெண்கள் என் முழங்காலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். சிலர் தொட்டும் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோரியில் போகிறவர். மோட்டார் சைக்கிளில் பினாங்கு ரோடு வழியாகத்தான் வீட்டுக்கு வருவார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. ஒரு நாள் முதல் சுற்றுவழியில் வர ஆரம்பித்தார். கால் மணி நேரம் தாமதம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் அவரைப் பார்த்தேன்.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றேன்.

"மேடம், அந்தப் பலகைய எடுத்துடுங்க."

"ஏன்?"

"அது என் காலு."

"தெரியும்லா. நல்லா வந்திருக்கு. அதப் பாத்துத்தான் இந்த மாசம் இவ்வளவு கூட்டம்."

"கடைக்குள்ள வெப்பேன்னு சொன்னீங்க."

அவர் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. "மொகம் இருக்கா அதுல? மொகமே இல்லாத காலுக்கு என்னம்மா மானம்?" என்றார். பிறகு முன்மேசைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சம்பளம் வாங்குகிறவள், சிரித்துத்தானே ஆக வேண்டும்.

நான் உள்ளே போனேன். ஒரு டாக்டர் வீட்டு அம்மா மேசையில் குப்புறப் படுத்திருந்தார். உருட்டினேன். "மெதுவா, மெதுவா" என்றார் அவர்.

வேலையை விட்டுப் போயிருக்கலாம். அக்காவும் அதைத்தான் சொன்னார். போனால் பலகை அங்கேயே இருக்கும். நான் இல்லாமலும் என் கால் மேடத்துக்கு உழைக்கும். போகமாட்டேன் என்று முடிவு செய்தேன். அந்தப் பலகையை அவர் கையாலேயே இறக்க வைப்பேன் என்றும் முடிவு செய்தேன்.

அதற்கு என்னிடம் இருந்தது டேப்.

அங்கே அளவு எடுப்பதில் ஒரு முறை உண்டு. மேடம் சொல்லிக் கொடுத்தது. முதல் நாள் அளக்கும்போது டேப்பைத் தொடையின் மேற்பாகத்தில் போட வேண்டும். இரண்டு விரல் நுழையும்படி தளர்வாக. அந்தக் காலிலேயே உடம்புப் பாரம் நிற்க வேண்டும். கடைசி நாள், பிளாஸ்டிக்கை அவிழ்த்து வியர்வை துடைத்த உடனே, டேப்பை மூன்று விரல் கீழே இறக்கிப் போட வேண்டும். இறுக்கி. பாரம் மறுகாலில். ஒன்றரை அங்குலம் குறைந்துவிடும். குறைந்ததை அட்டையில் எழுதி, ஒரு சின்னப் பூ ஒட்டித் தருவோம். அந்த அம்மா படியிறங்கும்போதே நடை மாறியிருக்கும்.

அங்கே வேலை செய்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் அளந்தார்கள். ஆனால் கடைசி அளவுக்கு வருகிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். எனக்குக் கைராசி என்று பேர் வந்துவிட்டது. மற்றவள் அளந்தால் ஒன்று குறையும், இவள் அளந்தால் ஒன்றரை குறையும் என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். சிலர் நல்ல தேதி பார்த்து வருவார்கள். செவ்வாய்க்கிழமை அளக்க விடமாட்டார்கள். ஒரு அம்மா என் கைக்குக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் டேப்பை எடுக்கவிட்டார். மேடமும் அதை நம்பினார். அது விசித்திரம். முறையைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இருந்தாலும் பெரிய இடத்து ஆள் வந்தால், "நீயே அளந்துடும்மா, ஒன் கை நல்ல கை" என்பார்.

இன்னொன்று, நான் பேசாதவள். பேசாத ஆள் ஒன்றும் செய்யாது என்று அவர் நினைத்தார்.

நான் செய்தது பெரிய காரியம் இல்லை. முதல் நாள் அளந்தபடியே கடைசி நாளும் அளந்தேன். அதே இடம், அதே தளர்ச்சி, அதே கால். வந்த எண்ணை உரக்கச் சொன்னேன்.

முதலில் ஒரு டீச்சர். குறையவே இல்லை. அவர் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பூ?" என்றார். "கொறஞ்சாத்தான் பூ" என்றேன். அவர் செருப்பை மாட்டுவதற்குக்கூட உட்காரவில்லை.

பிறகு அந்த டாக்டர் வீட்டு அம்மா. கால் அங்குலம் குறைந்திருந்தது. அதையும் சொன்னேன். வியர்த்ததில் போன தண்ணீர் அது, ராத்திரி சாப்பிட்டால் வந்துவிடும். எப்படிக் குறைந்தது என்று கேட்டார், அதனால் அதையும் சொன்னேன். இப்படியே வாரத்துக்கு ஒருவர், இருவர். ஒவ்வொருவரும் முன்மேசையில் போய்ச் சத்தம் போட்டார்கள். நான் அடுத்த பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டிருப்பேன். சத்தம் நன்றாகக் கேட்கும். அந்த நாட்களில் எனக்குப் பசி நன்றாக எடுத்தது.

மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"எப்படி அளக்கிற நீ?"

"டேப் வெச்சு."

"வெளையாடாத. நான் சொல்லிக் குடுத்த மாதிரி அளக்கிறியா?"

"மொத நாளுக்கு நீங்க சொன்ன மாதிரிதான்."

"கடைசி நாளுக்கு?"

"அதேதான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புரிந்துவிட்டது. முகம் சுண்டியது. அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன்.

"பலகைக்கா இதெல்லாம்?"

"எடுத்துடுங்க மேடம்."

"நீ எனக்குச் சொல்றியா? இனி டேப்பைத் தொடாத. நானே அளக்கிறேன்."

அவர் அளந்தார். அங்கேதான் தவறினார். வந்த அம்மாக்கள் கேட்டார்கள், கைராசிக்காரி எங்கே என்று. அவள் அளந்தால் குறையவில்லை, நீ அளந்தால் ஒன்றரை குறைகிறதா, அது எப்படி என்று கேட்டார்கள். ஒருத்தி, அவள் கையாலேயே இன்னொரு தடவை அளக்கட்டும் என்று அடம்பிடித்தாள். மேடம் என்னை வேலையைவிட்டு அனுப்பவும் முடியாது. அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். வைத்துக்கொள்ளவும் முடியாது. அவர் தூங்கியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நான் தூங்கினேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி ஒருவர் வந்துகொண்டிருந்தார். பருமன், சிரிப்பு, வாய் நிறைய வெற்றிலை. எல்லாரும் அவரை லாத்தா என்போம், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். லாத்தா சொன்னால் அந்தத் தெருவில் பத்து வீடு கேட்கும். மேடத்துக்குப் பாதிக் கூட்டம் லாத்தா கொண்டுவந்த கூட்டம்தான். அன்று அவருக்குக் கடைசி நாள். நாத்தனார்கள் இருவரைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார். குறைந்தால் அவர்களும் சேருவதாகப் பேச்சு.

மேடம் டேப்போடு வந்தார்.

"நீ வேணாம்மா. அந்தப் பேசாமடந்தையக் கூப்புடு. அவ கையிலதான் நான் எளைப்பேன்" என்றார் லாத்தா.

மேடம் என்னைப் பார்த்தார். முதல் முறையாக அந்தப் பார்வையில் கேட்பது இருந்தது. கெஞ்சல் என்றே சொல்லலாம். பலகையை எடுக்கிறேன் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தெரியாது. அவர் சொல்லவில்லை. டேப்பை மட்டும் நீட்டினார்.

அளந்தேன்.

"இருபத்தாறே முக்கால்."

நாத்தனார் அட்டையைப் பார்த்தாள். "மொத நாளு இருபத்தாறரைன்னு போட்டிருக்கு லாத்தா."

"கூடியிருக்கா?"

"கால் இன்ச்."

லாத்தா முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "யா அல்லா! லீமாவ் தோல உரிக்கிறேன்னு சொல்லிச் சொல்லி, பழத்தப் பெருக்க வெச்சிட்டியே மேடம்!" பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குக் கரண்டு வெச்ச. பொட்டலம் மாதிரிச் சுத்துன. அப்ப கீழ தொங்குறாளே ஒருத்தி, அவளுக்கு மட்டும் எப்படிக் கொறஞ்சுது?"

"அது... ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி லாத்தா."

"அவளக் கூட்டிட்டு வா. நான் பேசிப் பாக்குறேன்."

"அவங்க கோலாலம்பூர் போயிட்டாங்க."

நான் டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்தேன். பக்கத்தில் படியேறுகிற ஸ்டூல் இருந்தது. வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்துத் திரும்பி நின்றேன். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினேன்.

"நான் கோலாலம்பூர் போனதில்ல லாத்தா" என்றேன்.

லாத்தா குனிந்து பிறையைப் பார்த்தார். விரலால் தடவினார்.

"இடது பக்கத்துப் படமா, வலது பக்கத்துப் படமா?"

"ரெண்டும். ஒரே நாளு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி."

"ஒன்னக் கேட்டுத்தான் மாட்டுனாளா?"

"இல்ல."

லாத்தா மேடத்தைத் திட்டவில்லை. அதுதான் எனக்குக் குறை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "வாங்கடி" என்று நாத்தனார்களோடு இறங்கிவிட்டார். நான் ஜன்னலுக்குப் போனேன். கீழே அவர்கள் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார்கள். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்கள். லாத்தா கையை நீட்டி நீட்டி விளக்கினார். அங்கே நின்ற வேறு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மாடியேற வந்த இரண்டு பேர் அவரிடம் போய்க் கேட்டுவிட்டு, ஏறாமல் திரும்பினார்கள். லாத்தா இரண்டு பஸ்ஸை விட்டார்.

மேடமும் என் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

அன்று நாலு மணிக்குப் பலகை இறங்கியது. ஏணி போட ஆள் கிடைக்கவில்லை. மேடமும் முன்மேசைப் பெண்ணும் மாடி ஜன்னல் வழியாகக் கம்பியை அவிழ்த்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். மேடத்தின் கை கிழிந்தது. நான் உதவவில்லை. கைகட்டி நின்றேன். பாவம் என்று அக்கா பிறகு சொன்னார். பாவம்தான். எனக்கு வரவில்லை.

"திருப்திதானே? போ. நாளைக்கு வராத" என்றார் மேடம்.

"பலகை வேணும்."

"எதுக்கு?"

"என் காலு."

அவர் காலால் அதை என் பக்கம் தள்ளினார்.

துறைமுகத்துக்குப் போன் போட்டு என் வீட்டுக்காரரை வரச் சொன்னேன். பினாங்கு ரோடு என்றேன். "வர்றேன்" என்றார். நண்பர் ஒருவரின் வேனில் வந்தார். பலகையைப் படம் உள்பக்கம் இருக்கும்படி திருப்பி ஏற்றினார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினார். வீட்டுக்கு நேர்வழியில் போனோம்.

வீட்டுக்குப் பின்னால் போட்டோம். நல்ல கனமான பலகை. அக்கா வந்துவிட்டார். "கோழிக் கூண்டுக்கு ஆகும்டி, வீணாக்காத" என்றார். வீட்டுக்காரர் பாராங்கைக் கொண்டுவந்தார். காடு வெட்டுகிற கத்தி அது. அவரே வெட்ட ஓங்கினார்.

"குடுங்க" என்றேன்.

கொடுத்தார்.

முதலில் அம்புக்குறியைப் பிளந்தேன். பிறகு வலது பக்கம், அந்த வழவழப்பான கால்கள். அதன் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். பிறகு இடது பக்கம். ஒரு வெட்டுக்கு மேடத்தின் சிரிப்பு, ஒரு வெட்டுக்கு அந்த பஸ் ஸ்டாப் வாய்கள், ஒரு வெட்டுக்கு முகம் இல்லாத காலுக்கு என்ன மானம் என்றது. உள்ளங்கை கொப்பளித்தது. நிறுத்தவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றார், அதுவும் நடந்தது.

நெருப்பு வைக்கும்முன் குனிந்து எல்லாத் துண்டுகளையும் பொறுக்கினேன். ஒன்றும் தெருவுக்குப் போய்விடக் கூடாது. பொறுக்கும்போதே எண்ணினேன்.

நாற்பத்து மூன்று.